பழைய கணினி சேகரிப்பும் சீரமைப்பும்: சேலம், ஏற்காடு வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

பரணில் கிடக்கும் 386 பிராசசர் கணினியையோ, பள்ளி ஸ்டோர் ரூமில் தூசி படிந்த பிபிசி மைக்ரோவையோ மறுபடி ஓட வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். முப்பது வருடம் தாக்குப்பிடித்த கணினி, கிடைத்த அன்றைக்கே அவசரப்பட்டு கரண்ட் கொடுத்ததால் புகைந்து போவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் இழப்பு. அதனால் கீழே பல பதில்களில் "இன்னும் ஆன் செய்யாதீர்கள்" என்பது திரும்பத் திரும்ப வரும். சேலத்தின் தூசிக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஒரு பக்குவம், ஏற்காட்டின் பனிக்கும் பூஞ்சைக்கும் வேறு பக்குவம். இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

எந்தக் காலத்துக் கணினியிலிருந்து தொடங்கலாம்?

முதல் கணினியாகப் பென்டியம் 1 அல்லது பென்டியம் 2 எடுங்கள். கார்டுகள் சொருகும் ஐஎஸ்ஏ (பழையது), பிசிஐ (புதியது) இரண்டு வகை ஸ்லாட்டும் இருக்கும். உதிரி பாகம் கிடைக்கும். ஒரு பாகம் போனாலும் மனசு உடையாது. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டு கையில் சிக்கினால் விடாதீர்கள், உறுதியானது.

286, 386, 486 எல்லாம் அடுத்த கட்டம். அவற்றில் பேட்டரி கசிவு கிட்டத்தட்ட நிச்சயம் இருக்கும், ஈயம் வைக்கும் கை பழகியிருக்க வேண்டும். பிபிசி மைக்ரோ தனி ரகம். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினி அது: 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், 32 கிலோபைட் நினைவகம். கிடைப்பது அரிது. கிடைத்தால் பவர் சப்ளை பற்றிய பதிலைப் படிக்காமல் தொடவே தொடாதீர்கள்.

சேலத்தில் இவை எங்கே கிடைக்கும்?

கணினி முதலில் எங்கெல்லாம் நுழைந்ததோ அங்கெல்லாம் கேளுங்கள். லாரி புக்கிங் ஆபீஸ், ஜவ்வரிசி ஆலை, நூல் மண்டி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், ஆடிட்டர் அலுவலகம், மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டர். செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, சூரமங்கலம் பக்கம் பழைய வியாபாரக் குடும்பங்களின் மாடியறைகளில் இன்னும் இருக்கிறது. மலையில் காபி எஸ்டேட் அலுவலகங்களும் விடுதிப் பள்ளிகளும்.

கேட்கும் நேரமும் முக்கியம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் போகிக்கு முந்தைய வாரமும் ஸ்டோர் ரூம்கள் காலியாகும் நாட்கள். அப்போது முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் இரும்புக் கடைக்குப் போகும் முன் உங்களைக் கூப்பிடுவார்கள். சிபியு பெட்டியை மட்டும் வாங்கி வந்துவிடாமல், கூடவே கிடக்கும் கீபோர்டு, பிளாப்பி டப்பா, டிரைவர் டிஸ்க், மதர்போர்டு கையேடு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஜம்பர் (போர்டின் ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) அமைப்பு அச்சிட்ட அந்த ஒரு சிறு புத்தகம் பின்னால் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

கேபினெட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்தால் அதைத் துடைக்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அந்தக் கணினி எங்கே, எப்படி மதிக்கப்பட்டு வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி. காற்றுத் துளையை அடைத்திருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இரும்புக் கடையில் போர்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் சீக்கிரம் போக வேண்டும். 486, பழைய பென்டியம் போன்ற பீங்கான் பிராசசர்களில் தங்க முலாம் அதிகம் என்பதால் அவற்றைத் தனியாக எடைக்கு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. போர்டு இருக்கும், சாக்கெட் காலியாக இருக்கும். கடைக்காரரிடம் "உருக்க எடுப்பதில்லை, ஓட வைக்க எடுக்கிறேன், முழுசாக வந்தால் கூடுதலாகத் தருகிறேன்" என்று சொல்லி வைப்பதே வழி.

போர்டைக் கையில் எடுத்ததும் மூன்று இடம் பாருங்கள். பேட்டரியைச் சுற்றி பச்சை நீலப் பூப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? சாக்கெட்டின் நெம்புகோல் முழுசாக இருக்கிறதா? மூலைகளில், ஸ்க்ரூடிரைவர் சறுக்கி டிராக் (போர்டின் செம்புத் தடம்) அறுந்த கோடு ஏதும் தெரிகிறதா? மேலே போர்டு ஏற்றி அடுக்கியதில் அடியிலிருக்கும் போர்டின் சிறு பாகங்கள் உடைந்திருப்பது சாதாரணம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, நகத்தால் தடவிப் பாருங்கள்.

நைட்ரிக் அமிலம் வைத்துத் தங்கம் பிரிக்கும் வேலை வீட்டில் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். அதன் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒருதரம் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் திறங்கள். பல்லியும் எலியும் கரப்பானும் உள்ளே குடியிருந்திருக்கும். பவர் சப்ளைக்குள் காய்ந்துபோன ஒரு பல்லி 325 வோல்ட் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்குப் பாலம் போட்டது போலக் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எலி மூத்திரம் பட்ட இடத்தில் உலோகம் வெள்ளையும் பச்சையுமாக அரித்திருக்கும்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்.

திறந்த நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், கேபிள்களின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்பது தெரிய வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். ஹார்டு டிஸ்க், பிளாப்பி டிரைவ், கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்துத் தனியே வையுங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தளர்த்தி புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; சுழலவிட்டால் பேரிங் கெடும், விசிறியே ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைப் போர்டுக்குள் தள்ளும்.

அடுத்து மல்டிமீட்டர். பவர் சப்ளை கழற்றிய நிலையில், போர்டின் பவர் கனெக்டரில் 5 வோல்ட், 12 வோல்ட் ஊசிகளுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின்தடை பாருங்கள். ஒன்றிரண்டு ஓம்களுக்கும் கீழே நிலையாக நின்றால் எங்கோ ஷார்ட். 286, 386 காலப் போர்டுகளில் இதற்கு முதல் சந்தேகம் 12 வோல்ட் வழியில் உள்ள டான்டலம் கெப்பாசிட்டர். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் பருப்பு மாதிரி இருக்கும். ஷார்ட்டான டான்டலத்துக்குக் கரண்ட் கொடுத்தால் தீப்பொறியோடு வெடிக்கும். ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தால் குற்றவாளி சிக்கும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் பவர் சப்ளை, அதுவும் தனியாக.

பவர் சப்ளையைப் போர்டில் மாட்டாமல் எப்படிச் சோதிப்பது?

பின்பக்கம் 115/230 சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கணினிகளில் அது 115-லேயே நிற்கும். நம் 230 வோல்ட்டில் சொருகிய கணமே உள்ளே வெடித்துவிடும்.

மூடியைத் திறந்து பார்ப்பதானால், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடமாவது கழியட்டும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சேர்ந்து 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். மீட்டரில் அளந்து, மிச்சம் இருந்தால் 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியோடு ஐந்து விநாடி குறுக்கே வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்.

பிபிசி மைக்ரோவின் ஆஸ்டெக் பவர் சப்ளையில், மெயின்ஸ் குறுக்கே தேன் நிற உறையோடு இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும்: 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட். ரிஃபா பெயர் போட்ட காகித வகை. உறையில் நுண்ணிய விரிசல் விட்டு, காகிதம் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கிடைத்த சில நிமிடங்களில் நாற்றத்தோடு புகையும். ஏற்காட்டில் வைத்திருந்த கணினி என்றால் சந்தேகமே வேண்டாம், ஆன் செய்யும் முன்பே மாற்றுங்கள். அதே அளவில் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்று குறித்த பாலிபுரொப்பிலீன் வகை போடவேண்டும். அங்கே சாதாரண கெப்பாசிட்டர் போடுவது தீ விபத்துக்கு வழி.

இனி கரண்ட். டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் பல்புதான் இதற்குச் சிறந்த காவல். ஃபேஸ் கம்பியில் ஒரு ஹோல்டர், அதில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, அதற்கப்புறம் பவர் சப்ளை. எல்இடி பல்பு உதவாது, இழை பல்புதான் வேண்டும். ஆன் செய்ததும் பல்பு ஒருதரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

பழைய ஏடி வகை (286 முதல் முதல் பென்டியம்கள் வரை வந்த) பவர் சப்ளைகள் சுமை இல்லாமல் சரியாக ஓடாது. 5 வோல்ட் சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் போடுங்கள், ஒரு ஆம்பியர் இழுக்கும். கைவசம் ரெசிஸ்டர் இல்லையென்றால் கார் பிரேக் லைட்டுக்கான 12 வோல்ட் 21 வாட் பல்பை 5 வோல்ட்டிலேயே மாட்டினாலும் கிட்டத்தட்ட அதே சுமைதான். உதிரிபாகக் கடையில் கேட்கும்போது "12 வோல்ட்" என்று அழுத்திச் சொல்லுங்கள். லாரி ஊரான சேலத்தில் கை முதலில் போவது 24 வோல்ட் பல்புக்குத்தான்.

பல்பு மங்கலாகி எல்லாம் சரியென்று தெரிந்தபின் சீரிஸ் பல்பை விலக்கி நேரடி மின்சாரத்தில் அளக்க வேண்டும். 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே, 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து, அப்போதும் நின்றால்தான் போர்டில் மாட்டலாம்.

ஏடி பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் பி8, பி9 கனெக்டர் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே?

கறுப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி வர வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும். கேபினெட் முன்பக்க சுவிட்சுக்குப் போகும் நான்கு கம்பிகளில் 230 வோல்ட் நேரடியாக ஓடும். கழற்றும் முன் படம் எடுங்கள். மாற்றி மாட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் மோதும்.

மதர்போர்டில் பச்சைப் பூப்பு இருக்கிறது. போர்டு முடிந்ததா?

பெரும்பாலும் இல்லை. 286 முதல் 486 வரையான போர்டுகளில் கீபோர்டு கனெக்டர் பக்கத்தில் நீல நிறத்தில் சிறு பீப்பாய் மாதிரி இருப்பது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அமிலம் அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி கசிந்தால் ஆப்பச் சோடா போடுவது வழக்கம், ஏனென்றால் அதில் இருப்பது அமிலம். இங்கே சோடா போட்டால் பயனில்லை. வினிகர்தான் வேண்டும், எலுமிச்சைச் சாறும் ஆகும்.

பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷில் வினிகர் தொட்டு, நுரை அடங்கும் வரை தேயுங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஊற விட வேண்டாம். பிறகு டிஸ்டில்ட் வாட்டரால் இரண்டு மூன்று முறை அலசி, கடைசியாக 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

காய்ந்தபின் டிராக்குகளைப் பாருங்கள். பச்சைப் பூச்சுக்கு அடியில் கறுத்திருந்தால், பிளேடால் மெல்லச் சுரண்டிச் செம்பு பளபளக்கும் வரை போய், ஈயம் பூசுங்கள். அறுந்த டிராக்குக்குப் பாலம் போட மெல்லிய எனாமல் கம்பி வேண்டும். அதை ஆன்லைனில் தேட வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடையில் 36 அல்லது 38 கேஜ் கம்பி இரண்டு மீட்டர் கேளுங்கள், 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். நுனியில் எனாமலைச் சுரண்டி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மீட்டரில் பீப் ஒலி வரும்படி இணையுங்கள். கசிவு முதலில் தின்பது கீபோர்டு கண்ட்ரோலர் சிப்பின் சாக்கெட்டையும் அதன் டிராக்குகளையும்தான். ஆன் ஆனபின் "கீபோர்டு எரர்" வந்தால் அந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்.

புதுப் பேட்டரி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. போர்டு பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அமைப்பு உடையது. அதே இடத்தில் சார்ஜ் ஏறாத லித்தியம் பேட்டரியை நேராக மாட்டினால் அது உப்பும், வெடிக்கவும் கூடும். பாதுகாப்பான வழி: மூன்று ஏஏ பேட்டரி கொண்ட 4.5 வோல்ட் டப்பா, அதன் பாசிட்டிவ் கம்பியில் ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை போர்டைப் பார்த்து. பெரும்பாலான போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்றே நான்கு ஊசி இடம் இருக்கும்: முதல் ஊசி பாசிட்டிவ், நான்காவது கிரவுண்ட். இரண்டாவது, மூன்றாவது ஊசிகளை இணைத்து ஜம்பர் இருந்தால் எடுத்துவிடுங்கள். டப்பாவை போர்டிலிருந்து தள்ளி கேபினெட் சுவரில் ஒட்டுங்கள். நாளைக்கு இதுவும் கசியத்தான் செய்யும், அப்போது கசிவு போர்டில் விழக்கூடாது.

பேட்டரியே தெரியவில்லை, ஆனால் தேதி நிற்கவில்லை.

டல்லஸ் என்று எழுதிய கறுப்புப் பெட்டி மாதிரி சிப் இருக்கிறதா பாருங்கள். டிஎஸ்1287, டிஎஸ்12887 போன்றவை. லித்தியம் செல் அதற்குள்ளேயே புதைந்திருக்கும், பத்து வருடம் கழித்துத் தீர்ந்துவிடும். மேலே 9537 என்று இருந்தால் 1995-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரம் செய்தது என்று பொருள். சில போர்டுகள் இது செத்தால் பூட்டே ஆகாது.

சாக்கெட்டில் இருந்தால் புதியது வாங்கிச் சொருகலாம். இல்லையென்றால் 16-ஆவது, 20-ஆவது ஊசிகள் இருக்க வேண்டிய பக்கத்தில் பிளாஸ்டிக்கை மெல்லச் சுரண்டி உலோகம் தெரிந்ததும், 20-இல் சிஆர்2032 ஹோல்டரின் பாசிட்டிவ், 16-இல் நெகட்டிவ் இணையுங்கள். உள்ளே செத்த செல்லுக்குப் போகும் இணைப்பை அறுக்க மறக்கக்கூடாது. அறுக்காவிட்டால் புது செல்லைப் பழையது குடித்துவிடும்.

கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால்?

1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இது பெருநோய், மின்பகு திரவத்தின் தரக்குறைவு காரணம். பிராசசரைச் சுற்றி நிற்பவை முதலில் உப்பும், சேலத்துச் சூட்டில் இன்னும் சீக்கிரம். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி கூட, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த வகை) என்று கேட்டு வாங்குங்கள். உள்ளூர் ரேடியோ கடையில் பெரும்பாலும் 85 டிகிரி சாதா வகைதான் இருக்கும், அது இங்கே ஆகாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெங்களூரு எஸ்.பி. ரோடோ போகும்போது பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கி வாருங்கள். விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், 8 மில்லிமீட்டர் இடத்தில் 10 மில்லிமீட்டர் நுழையாது.

கிரவுண்டில் இணைந்த கால் 25 வாட் அயர்னுக்கு இளகாது. 60 வாட் எடுத்து, பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது 60/40 ஈயமும் ஃப்ளக்ஸும் வைத்தபின் இழுத்தால் வழுக்கி வரும். இளகாமல் பிடுங்கினால் துளையின் உள் செம்பு கூடவே வந்துவிடும், போர்டு அதோடு சரி. பெரும்பாலும் நிழலிட்ட அரைவட்டம் நெகட்டிவ். சில போர்டுகளில் தலைகீழாக இருக்கும், ஆகவே கழற்றும் முன் படம்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை.

போர்டு, பிராசசர், ராம், டிஸ்பிளே கார்டு, ஸ்பீக்கர் மட்டும் வைத்துச் சோதியுங்கள். ராம் கணக்கு தப்பாக இருப்பதே பாதி நேரம் காரணம். 30 ஊசி சிம் (அந்தக் கால ராம் பலகை) என்றால் 386எஸ்எக்ஸ்-க்கு இரண்டு, 386டிஎக்ஸ் மற்றும் 486-க்கு நான்கு சேர்ந்து இருக்க வேண்டும். 72 ஊசி என்றால் 486-க்கு ஒன்று போதும், பென்டியத்துக்கு ஜோடியாக.

பீப் ஒலியைக் கேளுங்கள். ஏஎம்ஐ பயாஸில் (பயாஸ் என்பது ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் நிரல்) மூன்று என்றால் நினைவகம், எட்டு என்றால் டிஸ்பிளே நினைவகம். அவார்டு பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே. ஒலியே இல்லையென்றால் ஐஎஸ்ஏ, பிசிஐ இரண்டிலும் சொருகும் டயக்னாஸ்டிக் கார்டு ஒன்று வாங்கி வையுங்கள், போர்டு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை இரண்டு இலக்கத்தில் காட்டும். ராம் முனையை ரப்பர் வைத்துத் தேய்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு; தங்க முலாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முதலில் ஆல்கஹால், அது பலிக்காவிட்டால் மட்டும் ரப்பர்.

போர்டைத் தண்ணீரில் கழுவலாமா?

கழுவலாம். எலி மூத்திரம், வெள்ளைக்கல் தூசி, பஞ்சு ஒட்டிய போர்டுக்கு வேறு வழியும் கிடையாது. பேட்டரி, பிராசசர், ராம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தோடு பிரஷ்ஷால் தேயுங்கள். போர் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். அதன் உப்பு சிப்புகளின் அடியில் படிந்து மழைக்காலத்தில் கசிவு மின்னோட்டத்தை உண்டாக்கும். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர், இரண்டு போர்டுக்குத் தாராளம். சேலத்தில் ஏப்ரலில் ஒரு நாள் நிழலில் விசிறியடியில் வைத்தால் போதும், ஐப்பசியில் மூன்று நாள். ஏற்காட்டில் கழுவவே வேண்டாம், கீழே கொண்டுவந்து கழுவுங்கள்.

ஏற்காட்டில் வைத்திருக்கும் கணினிகளும் பிளாப்பிகளும் பூஞ்சை பிடிக்கின்றனவே?

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மேகம் அறைக்குள்ளேயே வரும் ஊர். அங்கே காகிதமும் பிளாப்பியும் கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிளாப்பிகளை, முடிந்தால், சமவெளியில் வையுங்கள். முடியாதென்றால் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பா. 50 லிட்டருக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உதவும். உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி போட்டு, 40 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். முழுக் கணினியைச் சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள்.

பூஞ்சை பிடித்த பிளாப்பியை டிரைவில் போடவே கூடாது. வெள்ளைப் புள்ளி ஹெட்டில் ஒட்டி, அடுத்தடுத்து போடும் எல்லா பிளாப்பியையும் கீறும். ஜன்னல் வழியே ஒரு ஓரத்தில் ஆல்கஹால் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்து, பழுப்பு நிறம் கரையாவிட்டால், நடுத்தட்டை விரலால் சுழற்றியபடி இரண்டு பக்கமும் துடையுங்கள். முழுதும் காய்ந்தபின் ஒரே ஒருமுறை வாசிப்பு, அந்த ஒரே முறையில் பிம்பமாக, அதாவது முழு நகலாக ஒரே கோப்பில் எடுத்துவிடுங்கள். கிரீஸ்வீசல் என்ற சிறு பலகை, சாதாரண பிளாப்பி டிரைவை யுஎஸ்பி வழியாக இணைத்து காந்த அலையையே அப்படியே பதிவு செய்யும். கெட்டுப்போன செக்டரையும் பின்னால் நிதானமாக ஆராயலாம். ஒவ்வொரு பிளாப்பிக்கும் பின் ஹெட்டைத் துடையுங்கள். 360 கிலோபைட் பிளாப்பியை 1.2 மெகாபைட் டிரைவில் வாசிக்கலாம், எழுதாதீர்கள். 1.2 மெகாபைட் டிரைவ் குறுகிய டிராக்கில் எழுதியதை, அகலமான டிராக்குக்குச் செய்த பழைய டிரைவ் குழப்பமாகப் படிக்கும். சோனி 2011-இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது, ஆகவே நல்ல நிலையில் உள்ள காலி பிளாப்பியும் ஒரு சேகரிப்புதான். அன்றாட ஓட்டத்துக்கு, பிளாப்பி டிரைவின் இடத்தில் உட்காரும் கோடெக் (Gotek) என்ற கருவி போட்டு யுஎஸ்பி டிரைவிலிருந்து ஓட்டுங்கள்.

மலையிலிருந்து கணினி இறக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நினைவில் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கையும் கனமான ஹீட் சிங்க்கையும் கழற்றி மடியில் வைத்து எடுத்து வாருங்கள். குழாய் மானிட்டரின் கண்ணாடி முகம் மெத்தைமேல் கவிழ்ந்திருக்க வேண்டும், எடை முழுதும் முன்பக்கம்தான். கீழே வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் சேலத்துச் சூடான காற்று பட்டால் உள்ளே வியர்க்கும். பிளாஸ்டிக் உறையோடு ஒரு ராத்திரி கிடக்கட்டும்.

ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் தமிழ்க் கோப்புகளை எப்படிக் காப்பாற்றுவது?

அச்சகத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ வந்த டிஸ்க் என்றால், எங்களைப் பொறுத்தவரை கணினியைவிட இதுதான் பெரிய செல்வம். டிஸ்க்கிலிருந்து விண்டோஸைப் பூட் செய்ய வேண்டாம், அது தானாகவே எதையாவது எழுதும். யுஎஸ்பி மாற்றிகள் மிகப் பழைய டிஸ்க்குகளை அடையாளம் காணாது, ஏனென்றால் அவை சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கில்தான் பேசும். உண்மையான ஐடிஇ போர்ட் (பழைய ஹார்டு டிஸ்க் கேபிள் சொருகும் இடம்) உள்ள கணினியில், லினக்ஸ் லைவ் சிடியில், டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு முதலில் கெட்ட இடங்களைத் தாண்டி ஒரு ஓட்டம், பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் மூன்று முயற்சி. பயாஸில் எண்களை லேபிளைப் பார்த்துப் போடுங்கள். 528 மெகாபைட்டுக்கு மேல் பல 486 பயாஸ்கள் காணாது என்பதால், பிற்பாடு ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகக் காம்பாக்ட் பிளாஷ் கார்டு போட்டு ஓட்டும்போதும் அதே வரம்பைப் பாருங்கள்.

கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை போலத் தெரியும். அது கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முன்பு பாமினி, டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு குறியீட்டில் அடித்தார்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். ஆகவே எழுத்துரு ஃபோல்டரை முழுதாக, பெயர் மாற்றாமல், கோப்புகளோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும். டாஸ் கணினியில், இந்திய மொழி எழுத்துகளைத் திரையில் காட்டும் நீளமான ஜிஸ்ட் கார்டு இருந்தால் அதைக் கழற்றி வேறெங்கும் போடாதீர்கள். அந்தக் கோப்புகள் இஸ்கி குறியீட்டில், அதாவது ஐஎஸ் 13194, 1991 தரத்தில் இருக்கும். யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதியே இஸ்கியின் அமைப்பில் வளர்ந்தது என்பதால் மாற்றுவது எளிது.

அடுத்தவரின் கணக்கும் கடிதமும் அதில் இருக்கும். கொடுத்தவரிடம் கேட்காமல் யாருக்கும் காட்டக்கூடாது.

மஞ்சளாகிப்போன கேபினெட்டை வெளுக்கலாமா?

மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம், சேலத்து வெயில், இரண்டும் போதும். பிளாஸ்டிக்கை மட்டும் பிரித்து, கழுவி, பிளாஸ்டிக் தொட்டியில் முழுசாக மூழ்க வையுங்கள். மேலே எழும்பினால் நீர்மட்டக் கோடு அழியாத தழும்பாக விழும். காலை 10 முதல் 3 வரை, மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். மூடி போட்டு இறுக்காதீர்கள், ஆக்சிஜன் வெளியேற வேண்டும். கையுறை கட்டாயம். சில வருடத்தில் மஞ்சள் திரும்பலாம். லேசான மஞ்சளை அப்படியே விடுவதுதான் நல்லது என்று நினைக்கிறோம்.

குழாய் மானிட்டரைத் திறக்கலாமா?

பழகிய டிவி மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் தேங்கி நிற்கும்.

டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இவற்றுக்கு என்ன செய்வது?

பழைய டிவிஎஸ் கோல்டில் செர்ரி நீல சுவிட்சுகள், அடித்தால் டக் டக் என்று கேட்கும். தூக்கிப் போடவே போடாதீர்கள். கீகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, ஒட்டும் சுவிட்சில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு ஐம்பது தடவை அமுக்குங்கள். பிரின்டரின் தண்டவாளத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஹெட்டில் எண்ணெயே கூடாது, ஆல்கஹால் மட்டும்.

சீரமைத்தபின் எவ்வளவு நாளுக்கொருமுறை ஓட்ட வேண்டும்?

மாதம் ஒருமுறை, அரை மணி நேரம். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரும் டிஸ்க்கின் மோட்டாரும் சும்மா கிடந்தால்தான் கெடும். ஏற்காட்டில் சித்திரை, வைகாசி மாலைகளில் இடி இறங்கும் நாட்களில் ஓட்ட வேண்டாம். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் மோடம் கம்பியையும் பிடுங்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, 5 வோல்ட் அளவு, மாற்றிய பாகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி கேபினெட்டுக்குள் ஒட்டுங்கள். 5 வோல்ட் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது அந்தத் தாளில்தான் தெரியும்.